கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க: யார், யாரிடம் சொல்வது?

(மைசூரில் தமிழ் வாசகர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வாக்கியம். மைசூரில் கால் வைத்தவர் யாரும் அதைக் கேட்காமல் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.' நகரப் பேருந்தில் கேட்கலாம், தேவராஜ மார்க்கெட்டில் கேட்கலாம், தசரா ஊர்வலம் பார்க்க வழியோரம் இடம் பிடிக்கும்போது பத்துத் தடவையாவது கேட்கலாம். தமிழில் அதுவே 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்று வருகிறது. ஆங்கிலமே படிக்காதவர்கள்கூடத் தயங்காமல் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. இடம் கேட்கவும் இதுதான், கடன் கழிக்கவும் இதுதான், குடும்பத்தில் புத்தி சொல்லவும் இதுதான், ஒருவர் வாயை அடைக்கவும் இதுதான். எந்த இடத்தில் இது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால், கொடுக்கக்கூடாததைக் கொடுத்துவிடுவோம், கேட்கக்கூடாததைக் கேட்டுவிடுவோம். அதனால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

இதைப் பேசுவதற்கு மைசூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1929இல் இங்கே பிறந்தவர் கவிஞர் ஏ.கே. ராமானுஜன். அவருடைய வீட்டில் கீழ்த்தளத்தில் அம்மாவிடம் தமிழ், மாடியில் கணிதப் பேராசிரியரான அப்பாவிடம் ஆங்கிலம், தெருவில் இறங்கினால் கன்னடம். ஒரே நாளில் மூன்று மொழிகளுக்குள் ஏறி இறங்கிய பிள்ளை அவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கன்னட நாடகாசிரியர் டி.பி. கைலாசம், ஆங்கிலம் கலந்த நடுத்தர வர்க்கக் கன்னடத்தை அப்படியே நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். 1969இல் இந்த ஊரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அதன் இயக்குநராக இருந்த இ. அண்ணாமலை, தமிழில் ஆங்கிலம் கலக்கும் விதத்தை 1970களிலேயே ஆராய்ந்து எழுதியவர். மொழிகள் ஒன்றோடு ஒன்று உரசும் இடத்தில் என்ன நடக்கிறது என்று இந்த ஊர் நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறது.

முதலில் அந்தக் கன்னட வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். 'ஸ்வல்ப' வடமொழியிலிருந்து வந்தது. 'அட்ஜஸ்ட்' ஆங்கிலம். 'மாடி' கன்னடம்; 'மாடு' (செய்) என்ற வினையின் மரியாதை ஏவல். மூன்று சொற்களில் மூன்று மொழிகள். ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடியில் இருப்பது 'அருகில்' என்று பொருள்படும் லத்தீன் சொல். ஒன்றை இன்னொன்றின் அருகே கொண்டுவருவது என்பதுதான் முதற்பொருள். நெருங்கி உட்காரச் சொல்லும் நம் பேருந்துப் பயணி, தெரியாமலே அந்த முதற்பொருளுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்.

இங்கிலாந்தில் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் பொருள்களுக்குப் பயன்படுத்துவார்கள். திருகைச் சரிசெய்வது, கடிகார முள்ளைத் திருத்துவது, கண்ணாடியை நேராக்குவது. மனிதருக்கு வரும்போது, புதிய ஊருக்கோ புதிய வேலைக்கோ பழகுவது என்று வரும். எதற்குப் பழகுவது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். நாம் அந்தப் பிற்பகுதியைக் கழற்றிவிட்டோம். 'அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்றால் போதும். எதற்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் சொல்லப்படாமலே நிற்கும். இந்த வாக்கியம் எங்கும் நுழைவதற்கும், சில இடங்களில் தீங்கு செய்வதற்கும், அந்தச் சொல்லாமல் விட்ட பகுதியே காரணம்.

தமிழ் இலக்கணம் இதில் செய்திருக்கும் வேலையையும் கவனிக்க வேண்டும். ஆங்கில வினை தமிழுக்குள் தனியாக நடமாட முடியாது; 'பண்ணு' என்ற துணை வேண்டும். அதற்குமேல் இன்னொரு துணையும் வருகிறது: 'கொள்'. 'நாற்காலியை அட்ஜஸ்ட் பண்ணுங்க' என்றால் மாறுவது நாற்காலி. 'நாற்காலி இல்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்றால் மாற வேண்டியவர் நீங்கள். செயலின் விளைவு செய்பவர்மேலேயே திரும்பி விழுகிறது என்பதைக் காட்டுவது இந்தக் 'கொள்'. கன்னடத்தில் 'மாட்கொள்ளி' என்பதும் இதே அமைப்புதான். தமிழ்த் துணைவினைகளைப் பற்றி அண்ணாமலை தனி நூலே எழுதியிருக்கிறார்; ஒரு சின்னச் சொல்லுக்குள் எவ்வளவு உறவு ஒளிந்திருக்கிறது என்பது அதைப் படித்தால் விளங்கும். பொருள் மாறுகிறதா, ஆள் மாறுகிறாரா என்ற முதல் கேள்விக்கு விடையை நம் மொழியே காதில் சொல்லிவிடுகிறது. நாம்தான் கேட்டுப் பழக வேண்டும்.

'கொஞ்சம்' என்ற சொல்லும் சும்மா நிற்கவில்லை. மொழியியலாளர்கள் பெனலோப்பி பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் இருவரும் பேச்சில் பணிவு எப்படி இயங்குகிறது என்று 1978இல் எழுதியது, 1987இல் தனி நூலாக வந்தது. உலகெங்கும் மொழியியல் மாணவர்கள் படிக்கும் நூல் அது. அதன் சான்றுகளில் ஒரு பெரும்பகுதி தமிழ்ச் சான்றுகள். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி லெவின்சன் திரட்டியவை. ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது மூன்று விஷயங்களை மனம் எடைபோடுகிறது என்கிறார்கள் அவர்கள்: இருவருக்கும் இடையே உள்ள தூரம், யாருக்கு யார்மீது அதிகாரம், கேட்கப்படும் பொருளின் சுமை. 'கொஞ்சம்' என்பது அந்தச் சுமையைக் குறைத்துக் காட்டும் சொல். பாதி இருக்கையைக் கேட்கும்போதும் 'கொஞ்சம்' என்கிறோம். பாதி வாழ்க்கையைக் கேட்கும்போதும் அதே 'கொஞ்சம்' வந்துவிடுகிறது. குறைத்துச் சொல்வது பணிவு. ஆனால் கொடுப்பவர் உண்மையான அளவை அறிந்திருக்க வேண்டும்.

இனி இந்த வாக்கியம் புழங்கும் இடங்களுக்கு வருவோம்.

முதல் இடம், இருக்கை. மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவதாக ஒருவர் வந்து நிற்கிறார். கையில் குழந்தை, தோளில் பை. 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்றதும் மூவரும் நகர்கிறார்கள். அந்த நான்காமவருக்குச் சட்டப்படி அங்கே எந்த உரிமையும் இல்லை. இருந்தாலும் இடம் கிடைக்கிறது. நாளை நாமும் நிற்க நேரும் என்பது உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். தமிழில் இதற்கு 'இடம் கொடுப்பது' என்று பெயர். நம் சமூகத்தின் நல்ல குணங்களில் ஒன்று இது, இதை நான் முழு மனதோடு போற்றுகிறேன். ரயில்வே துறையே இதற்கு மதிப்பளிக்கிறது. படுக்கை வசதி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான், மற்ற நேரத்தில் எல்லோரும் உட்கார வேண்டும் என்று 2017இல் விதியைத் திருத்தியபோது, நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் கர்ப்பிணிகளும் கூடுதல் நேரம் படுக்க விரும்பினால் மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. நேரத்துக்கு விதி உண்டு. விதி எட்டாத இடத்துக்கு மனித மனம் உண்டு.

இரண்டாவது இடம், கணக்கு. 'அட்வான்ஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்கிறார் வீட்டுக்காரர். 'பழைய நகையை இதுல அட்ஜஸ்ட் பண்ணிடுறேன்' என்கிறார் நகைக்கடைக்காரர். இங்கே யாரும் யாருக்கும் பணியவில்லை. ஒரு தொகையை இன்னொரு தொகையில் கழிக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்குத் தமிழில் 'கழித்துக்கொள்வது', 'ஈடுகட்டுவது' என்ற சொற்கள் இருக்கின்றன. எவ்வளவு கழித்தார்கள் என்று தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் இந்தப் பயன்பாட்டில் சிக்கல் வராது. பேருந்து நடத்துநர் சில்லறை இல்லாதபோது பாக்கித் தொகையைச் சீட்டின் பின்புறம் எழுதித் தருவது இந்த நேர்மையின் எளிய வடிவம். எழுதாமல் 'அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்று மட்டும் சொன்னால், கணக்கு மறைந்து வாடிக்கையாளர் தலையில் நஷ்டம் விழுகிறது.

மூன்றாவது இடம், நாலு பேர் சேர்ந்து வாழும் வீடு. ஒருவருக்குக் காரம் வேண்டும், ஒருவருக்கு வேண்டாம். ஒருவர் சீக்கிரம் தூங்குகிறவர், ஒருவர் விழித்திருந்து படிக்கிறவர். இங்கே அட்ஜஸ்ட் என்பது 'விட்டுக்கொடுப்பது'. இன்று நான், நாளை நீ என்று அது மாறி மாறி நடக்கும்வரை வீடு நிம்மதியாக இருக்கும். மாமியாரும் மருமகளும், அண்ணனும் தம்பியும், அறையைப் பகிர்ந்துகொள்ளும் மாணவர்களும் இப்படித்தான் வாழ்கிறார்கள். விட்டுக்கொடுக்கவே தெரியாதவரோடு யாரும் வாழ முடியாது.

நான்காவது இடத்துக்கு வரும்போது குரலைத் தாழ்த்தக்கூடாது என்று நினைக்கிறேன். திருமணமான பெண் பிறந்த வீட்டுக்கு வந்து, புகுந்த வீட்டில் அடிக்கிறார்கள் என்கிறாள். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போம்மா' என்கிறார்கள். பேருந்தில் கேட்ட அதே வாக்கியம், அதே கனிவான குரல். ஆனால் இங்கே கேட்கப்படுவது இடம் அல்ல. 'பொறுத்துக்கொள்' என்பதுதான் இதன் தமிழ். அந்தச் சொல்லைப் பச்சையாகச் சொல்லப் பெற்றோருக்கு வாய் வராது. 'அடியைப் பொறுத்துக்கொள்' என்று மகளிடம் எந்தத் தாயும் எளிதில் சொல்லமாட்டாள். ஆங்கிலச் சொல் அந்தக் கூச்சத்தை மூடிவிடுகிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்துவிட்டது. 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சட்டம் கொடுத்த பாதுகாப்பை நம் வாயிலிருந்து வரும் ஒரு சொல் பறித்துவிடுகிறது.

ஐந்தாவது இடம் திரைத்துறை. அது இன்னும் இருட்டானது. கேரளத் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராய 2017இல் நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2019 டிசம்பரில் அரசிடம் கொடுத்த அதன் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான் மக்களுக்குக் கிடைத்தது. பெண்களின் உடலைக் கேட்பதற்கு அந்தத் துறையில் வழங்கும் சொற்கள் 'காம்ப்ரமைஸ்', 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று அது பதிவு செய்திருக்கிறது. படப்பிடிப்பு இடங்களில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்ததையும் அது சொல்கிறது. தமிழ்த் திரைத்துறையிலும் 'அட்ஜஸ்ட்மென்ட்' என்ற சொல்லுக்கு இந்தப் பொருள் உண்டு என்பதைப் பல நடிகைகள் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். இதற்குத் தமிழ்ப் பெயர் 'இணங்கச் செய்வது'. இன்னும் நேராகச் சொன்னால் 'சுரண்டல்'.

ஐந்து இடங்களிலும் ஒலி ஒன்றுதான். பொருளை மாற்றுவது எது? ராமானுஜன் 1989இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், இந்தியர்கள் விதிகளைச் சூழலோடு சேர்த்தே சிந்திக்கிறார்கள் என்றார். யார், யாருக்கு, எப்போது என்பதைப் பொறுத்தே இங்கே எதுவும் பொருள் பெறுகிறது. தொல்காப்பியர் இதை வெகு காலத்துக்கு முன்பே கண்டிருந்தார். ஒன்றைத் தரும்படி கேட்க ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்கள் உண்டு என்று எச்சவியலில் அவர் சொல்கிறார். 'ஈ' என்பது தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்பது. 'தா' என்பது சமமானவர் கேட்பது. 'கொடு' என்பது உயர்ந்த நிலையில் இருப்பவர் கேட்பது. அன்றைய தமிழில் சொல்லைக் கேட்டாலே, கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிடும்.

'அட்ஜஸ்ட்' இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிட்டது. பேருந்தில் நிற்பவர் சொல்லும்போது அது 'ஈ'. அறைத்தோழன் சொல்லும்போது அது 'தா'. மேலதிகாரி சொல்லும்போது அது 'கொடு'. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்லி மேலாளர் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்றால், அந்தக் 'கொஞ்ச'த்துக்குள் சம்பளமும் வேலையும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கட்டளை வேண்டுகோளின் உடை உடுத்தி வருகிறது. மறுத்தால் மறுத்தவர்தான் பண்பில்லாதவர் ஆகிறார்.

ஒரு நல்ல குணத்தின் பெயரால் அநீதியைப் பொறுக்கச் சொல்வது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. மார்ட்டின் லூதர் கிங் 1967 செப்டம்பரில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாட்டில் பேசினார். சமூகத்தோடு பொருந்தி வாழ்வதே மனநலம் என்று உளவியலாளர்கள் சொல்லிவந்த காலம் அது. பொருந்தி வாழ்வது நல்லதுதான், ஆனால் நிறவெறிக்கும் வறுமைக்கும் போருக்கும் எந்த மனிதனும் பொருந்திப்போகக்கூடாது என்றார் கிங். அவற்றோடு பொருந்த மறுப்பவர்களே உலகத்துக்குத் தேவை என்றும் சொன்னார். அவர் மறுத்த ஆங்கிலச் சொல்லும், நாம் இன்று பேசும் சொல்லும் ஒன்றே.

அப்படி மறுத்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைகளில் வேலை பார்த்த பெண்கள் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் கூலி பிடித்தார்கள். கழிப்பறை இருக்கவில்லை, தண்ணீர் குறைவாகக் குடிக்கச் சொன்னார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். கழிப்பறை வேண்டும் என்பதில் தொடங்கிய போராட்டம், உட்காரும் உரிமைவரை சென்றது. 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் திருத்தியது: கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். ஒரு நாற்காலிக்காக இரண்டு மாநிலங்களில் சட்டம் தேவைப்பட்டது. அந்தப் பெண்கள் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டே இருந்திருந்தால் இன்றும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

எனவே என் முடிவைச் சொல்கிறேன். இந்த வாக்கியம் எதிர்த்திசையிலும் செல்ல முடியுமா என்பதே இதை அளக்கும் கோல். இன்று உங்களிடம் கேட்டவரிடம், நாளை நீங்கள் இதையே திருப்பிக் கேட்கலாமா? பேருந்தில் கேட்கலாம். அறைத்தோழனிடம் கேட்கலாம். 'என்னை அடிக்காமல் நீங்கள் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்று மருமகள் புகுந்த வீட்டில் கேட்க முடியுமா? 'இந்த மாதம் வேலையைக் குறைத்துக்கொள்கிறேன், சம்பளத்தை அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்று கடைச் சிப்பந்தி முதலாளியிடம் கேட்க முடியுமா? முடியாது என்றால் அந்த இடத்தில் அது வேண்டுகோள் அல்ல, அதிகாரம். இரு பக்கமும் புழங்கினால் அது பண்பு. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மட்டும் போனால் அது அநீதி.

இந்தச் சொல்லைத் தமிழிலிருந்து துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நம் வாயில் ஊறிவிட்டது. நல்ல வேலைகளும் செய்கிறது. நான் கேட்பது வேறு. அது வந்து நிற்கும்போதெல்லாம், அதன் அடியில் இருக்கும் தமிழ்ச்சொல் எது என்று ஒரு நொடி கேளுங்கள். இடம் கொடுப்பதா, கழித்துக்கொள்வதா, விட்டுக்கொடுப்பதா, பொறுத்துக்கொள்வதா, இணங்குவதா? தமிழில் வெளிப்படையாகச் சொல்ல நாக்கூசுகிறது என்றால், ஆங்கிலத்திலும் சொல்லாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஆங்கிலப் பேச்சு கற்பிக்கும்போது ஒரு சொல்லின் பொருளோடு நிறுத்திவிடாமல், அதை யார் யாரிடம் சொல்லலாம் என்பதையும் கற்பியுங்கள். மேலதிகாரிகளுக்கு: கூடுதல் வேலை வேண்டுமென்றால் எத்தனை மணி நேரம், என்ன ஊதியம் என்று சொல்லிக் கேளுங்கள். பெற்றோர்களுக்கு: வீடு தேடி வந்து அழும் மகளிடம் இந்தச் சொல்லை ஒருபோதும் சொல்லாதீர்கள். 'என்ன நடந்தது?' என்று கேளுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். இளைஞர்களுக்கு: பேருந்தில் நிற்பவருக்கு நகர்ந்து இடம் கொடுங்கள், உங்கள் மானத்தில் பங்கு கேட்பவருக்கு ஓர் அங்குலம்கூட நகராதீர்கள்.